பள்ளத்து அளவு

பதுளையில் தன் பைக் ரிப்பேர் கடை வாசலில் வைத்து, சந்திரகாந்தியின் கணவர் ஓட்டிய பைக்கின் ப்ளக்கைக் கழற்றினான் நிஸாம். கரி பிடித்திருந்தது.

"ஃபில்டர், சைலன்சர் மாத்தி, அதுக்குத் தக்கன பெட்ரோலைக் கூட்டியிருக்காங்க அக்கா. தங்கமான கை. ஆனா மொனராகலை மாதிரி பள்ளத்து ஊருக்கு வச்ச அளவு. காத்து கம்மியான நம்ம மலைக்கு இது கூடுதல், அதான் புகையுது. குறைக்கவா?"

"அவரு அந்தப் பக்கமே போகமாட்டாரே தம்பி," என்றாள் சந்திரகாந்தி. கணவரின் கருமாதி முடிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

"அங்க செஞ்ச வேலைதான் இது. செஞ்சவரைப் பார்த்தா கைகுடுப்பேன்."

மொனராகலை பைக் மெக்கானிக் ஒருவனோடுதான் மகள் சிவானுஜா ஓடிப்போயிருந்தாள். அவர்கள் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சொன்னவர் அவர். அந்தச் சொல்லை மதித்து, சாவுக்கும் சொல்லியனுப்பாமல் இருந்துவிட்டாள் சந்திரகாந்தி.

"அளவை மாத்தாதீங்க தம்பி. எம் மருமகன் வச்சது. நாளைக்கே அங்க போகணும், சேதி சொல்ல."