ஜப்பான் ஏறிய நாள்

"அம்மா, ஜப்பான் வந்திடுச்சும்மா!"

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாசலில் நின்று கத்தினான் ஸ்டீபன்ராஜ். விழுப்புரத்தில் ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பஸ் பிடித்துத் திண்டிவனம் வந்திருக்கிறான். கையில் ஸ்வீட் பாக்ஸ்.

லூர்துசெல்வி தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்தால் முட்டி இரண்டும் உயிரை எடுக்கும். தவிர, ஜப்பான் என்ற பேச்சைக் கேட்டாலே அவளுக்கு உடம்பு ஓய்ந்துபோகும்.

"வந்தா வரட்டும். நீ முதல்ல தண்ணியக் குடி."

"விளையாட்டு இல்லம்மா. எண்பத்தொம்போதுல இருந்த உச்சத்த அந்த நாட்டு மார்க்கெட் இன்னிக்கித்தான் தாண்டியிருக்குது. டிவில சொல்லிக்கினே இருக்கான். அப்பா எங்க?"

அவள் உள்ளே கையைக் காட்டினாள். பெரியநாயகம் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். காலையில் வைத்த இட்லி தட்டிலேயே காய்ந்து கிடந்தது.

பெரியநாயகம் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். அங்கே சேர்த்ததையெல்லாம் ஒரே ஒரு ஃபண்டில் போட்டார். ஜப்பான் கம்பெனிகளின் பங்குகளை மட்டும் வாங்கும் ஃபண்டு. உலகமே ஜப்பான் ஜப்பான் என்று வாயைப் பிளந்துகொண்டிருந்த நேரம் அது. இவர் போட்ட கையோடு விழத் தொடங்கியது, விழுந்துகொண்டே இருந்தது.

மிச்சம் இருப்பதையாவது எடுத்துவிடுங்கள் என்று அவள் கடிதத்தில் கெஞ்சினாள். அவர் ஒரேயடியாக ஊர் திரும்பிய பிறகு நேரில் கெஞ்சினாள், சண்டை போட்டாள், சாப்பிடாமல் கிடந்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். "ஒரு நாடே எங்க போயிடும் செல்வி? பொறுத்தா வரும்."

அவர் ஜப்பானைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டை மெஷின் பார்த்துக்கொண்டது. ஊர் ஜாக்கெட்டையெல்லாம் தைத்துத் தைத்து அவள் முட்டி தேய்ந்ததுதான் மிச்சம்.

முதலில் இங்கிலீஷ் பேப்பரின் மூலையில், பிறகு செல்போனில் என்று தினமும் ஜப்பான் மார்க்கெட்டின் நம்பரைப் பார்த்துவிடுவார். இறங்கிய நாட்களில் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். ஏறிய நாட்களில் சோறு இறங்காது. நஷ்டத்துக்கே பழகிப்போன மனுஷன், நல்லது நடந்தால் தாங்கவில்லை போலிருக்கிறது என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். கேட்கவும் அலுத்துப்போயிருந்தது.

ஸ்டீபன்ராஜ் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"பெருசா ஒண்ணும் ஜெயிச்சிடலம்மா. ஒரு ஆயுசு கழிச்சி போட்ட எடத்துக்கே திரும்பி வந்திருக்குது, அவ்ளோதான். இதையே நம்ம நாட்டு மார்க்கெட்ல போட்டிருந்தா எங்கியோ போயிருக்கும். ஒரே நாட்ட நம்பினா இதான் பேஜாரு."

"அப்புறம் எதுக்குடா ஸ்வீட்டு?"

"நடுவுல டிவிடெண்ட் சேந்திருக்கும் இல்ல? அதோட, ஒரு சிங்கப்பூர் டாலரு அப்ப எட்டு ஒம்போது ரூபா. இப்ப அறுபதத் தாண்டிடுச்சி. நம்ம காசுல பாத்தா நல்ல தொகைம்மா. உன் முட்டி ரெண்டையும் மாத்திடலாம். டாக்டர்கிட்ட நேத்தே பேசிட்டேன்."

லூர்துசெல்வி பெடலிலிருந்து காலை எடுத்தாள். வலியில்லாமல் கோயில் படியேறுவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

மகன் கட்டிலருகே போய் நின்றான். "அப்பா, ஃபண்டு பேப்பர்லாம் எங்க வச்சிருக்கீங்க? இன்னிக்கே மெயில் போட்டுடறேன்."

"வேணாம்." சுவரிடம்தான் சொன்னார்.

"ஏம்ப்பா?"

"வேணாம்டா. விடு."

"இன்னும் எவ்ளோ ஏறணும்னு பாக்கறீங்க? அம்மா நடக்கறதப் பாக்கறீங்களா, இல்லியா? பாத்ரூம் போறதுக்கே செவுத்தப் புடிச்சிக்கினு போவுது. இன்னும் எத்தினி வருசம் அந்த நம்பரையே பாத்துக்கினு இருக்கப் போறீங்க?"

அவர் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டார். முதுகு மட்டும் மேலும் கீழுமாக ஏறி இறங்கியது.

லூர்துசெல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே வந்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவர் தோளில் கை வைத்தாள். அப்படிக் கை வைத்து எவ்வளவு காலமாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

"அவன் கெடக்கறான், விடுங்க. நீங்க சொன்ன மாதிரியே வந்திடுச்சி. நாந்தான் நம்பாம வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன். மனசுல வச்சிக்காதீங்க."

பெரியநாயகம் திரும்பி எழுந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது.

"நீ போயி எங்கிட்ட மன்னிப்புக் கேக்கறியே செல்வி. அது ஏறவே கூடாதுன்னுதான் தெனம் பாத்துக்கினு இருந்தேன். ஏறிச்சின்னா வந்து பணத்தக் கேப்பீங்கன்னு தெரியும்."

"இன்னாப்பா ஒளர்றீங்க?" என்றான் ஸ்டீபன்ராஜ்.

அவர் மகனைப் பார்த்தார்.

"உன் மனசுல பாரமாயிடும்னுதான் சொல்லாம இருந்தேன். உனக்கு மூணு வயசுல நெஞ்சத் தொறந்து ஆபரேஷன் பண்ணாங்களே, அந்தச் செலவு..."

"அது உங்க கம்பெனில குடுத்தாங்கன்னு சொன்னீங்களே?" என்றாள் லூர்துசெல்வி.

"யாரும் குடுக்கல செல்வி. அப்பவே வித்துட்டேன்."