மூன்றாம் முறையாக அதே கேள்வி

மூன்றாம் முறையாக அதே கேள்வியைக் கேட்டார் ஜெர்மனிக்காரர்.

கார்குழலி ரிசீவரை இன்னும் அழுத்திக் காதோடு வைத்துக்கொண்டாள். கல்மண்டபம் சாலையில் கன்டெய்னர் லாரிகள் விடாமல் ஹாரன் அடித்தன. உள்ளறையில் டிவி அலறியது. அவள் வீட்டில் போன் கிடையாது. ஆராய்ச்சி வேலைக்கான விண்ணப்பத்தில் எதிர்வீட்டு ரஹீமுன்னிசாவின் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். எல்லா இடத்திலும் கைவிரித்த பிறகு வந்த ஒரே அழைப்பு இது.

பெரிய விண்மீன் மண்டலங்களின் நடுவில் ஒரு கருந்துளை இருக்கிறது. நடுப்பகுதி நட்சத்திரங்கள் எவ்வளவு வேகமாக அலைகின்றனவோ, அதற்கேற்பக் கருந்துளையும் கனமாக இருக்கிறது. ஆனால் அந்த நட்சத்திரங்களில் பெரும்பாலானவை கருந்துளையின் இழுப்பே எட்டாத தொலைவில் உள்ளவை. பிறகு எப்படி இந்தப் பொருத்தம்?

முதல் தடவை, இரண்டும் சேர்ந்தே வளர்ந்திருக்கலாம் என்றாள். அடுத்த தடவை, கருந்துளை சுற்றியுள்ள வாயுவை வெளியே தள்ளி, தனக்கும் மண்டலத்துக்கும் சேர்த்தே வளர்ச்சியை நிறுத்தியிருக்கலாம் என்றாள்.

அவருக்கு அந்த 'இருக்கலாம்' பிடிக்கவில்லை.

போதாக்குறைக்கு ரஹீமுன்னிசா. போன் வந்ததிலிருந்து அங்கேயே நிற்கிறாள். கடிகாரத்தைப் பார்க்கிறாள், போனைப் பார்க்கிறாள், முந்தானையை முறுக்குகிறாள். கூப்பிட்டது அவர்கள்தானே, இவளுக்கென்ன பில்லா ஏறுகிறது என்று கார்குழலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த எரிச்சல் மொத்தமும் ஜெர்மனிக்காரர்மேல் பாய்ந்தது. தெரியாது, யாருக்குமே தெரியாது, தெரிந்திருந்தால் உங்களிடம் எதற்கு வேலை கேட்கிறேன் என்று ஆங்கிலத்தில் கொட்டிவிட்டாள்.

கெடுத்துக்கொண்டோம் என்று நினைத்தாள்.

பிறகு அவர் சிரிப்பது கேட்டது. அக்டோபரில் வந்து சேர முடியுமா என்றார்.

ரிசீவரை வைத்தாள். சேதியைச் சொன்னதும் ரஹீமுன்னிசா அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். பேச்சு முடிகிறவரை லைன் அறுந்துவிடக் கூடாதென்று துவா செய்துகொண்டே நின்றாளாம்.

டிவி நின்றது. உள்ளேயிருந்து ரஹீமுன்னிசாவின் மாமியார், மகன் பேசிவிட்டானா என்று கேட்டாள்.

ரஹீமுன்னிசா குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள்.

"இன்னிக்கி இல்ல மாமி. எங்கேஜ்டாவே கீதுன்னு வச்சிட்டுப் பூட்டிருப்பாரு. துபாய்ல அவுருக்கு இனிமே அடுத்த வெள்ளிக்கெயமதான் போன் கெடைக்கும்."