அண்ணன் கடை எண்ணெய்

"யார் யார் இருக்கீங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க, அறிக்கையில எழுதணும்" என்றார் பசுமைச் சான்றிதழுக்காக டீசல் ஆலைக்கு வந்திருந்த தணிக்கை அதிகாரி அம்மாள்.

"முதல்ல என்னை எழுதுங்க. ஓட்டல் முதலாளி, குடும்பத்துல மூத்தவன்" என்றார் பெரியவர், நாற்காலியில் முதுகு படாமல் நிமிர்ந்து உட்கார்ந்தபடி. "இவன் என் தம்பி, டீசல் ஆலை வச்சிருக்கான். அது தம்பி பெண்டாட்டி. ஓரமா நிக்கிறது ஓட்டல்ல பலகாரம் பொரிக்கிற எங்க சரக்கு மாஸ்டர். வேற யாரும் இல்லை."

ஓட்டல்கள் கழிக்கும் எண்ணெயை வாங்கி வண்டிக்கு டீசல் ஆக்குவது தம்பியின் தொழில். பாதிச் சரக்கு அண்ணன் ஓட்டலிலிருந்துதான். பசுமைச் சான்றிதழ் இல்லாமல் இனி ஒரு சொட்டும் வாங்க மாட்டோம் என்று வெளிநாட்டுக் கம்பெனி எழுதிவிட்டது. இன்று கைநழுவினால் ஆலைக்குப் பூட்டு.

"ஒரே எண்ணெயில எத்தனை தடவை பொரிப்பீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"ஒரே தடவை!" பெரியவர் விரலை உயர்த்தினார். "எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

அதிகாரி பேனாவை மூடினார். "அப்ப சிக்கல்தான். ஒரு தடவை பொரிச்சது கழிவு இல்லைங்க, நல்ல எண்ணெய். சாப்பிடற எண்ணெயை வண்டிக்கு ஊத்தினா சான்றிதழ் தர மாட்டோம்."

தம்பி அண்ணன் பக்கம் குனிந்தார். "அண்ணே, ஒரு நாலஞ்சு தடவைன்னு சொல்லுங்களேன்."

"என்னடா சொன்ன? நம்பிச் சாப்பிட வர்றவங்க காதுல விழற மாதிரி, கருகல் எண்ணெய்க் கடைன்னு என் வாயாலயே சொல்லணுமா? குடும்ப மானம் என்ன ஆறது?"

"மானத்தைத் தட்டுல போட்டா பிள்ளைங்க சாப்பிடுமா மாமா?" என்றாள் தம்பி மனைவி.

சரக்கு மாஸ்டர் இருமினார். பெரியவர் திரும்பிப் பார்த்ததும் இருமல் நின்றுவிட்டது.

"சண்டை வேண்டாம். ஓட்டல்லேர்ந்து வந்த எண்ணெய் டின்னைத் திறங்க. சாம்பிள் எடுத்துட்டுப் போறேன், எத்தனை தடவைன்னு ஆய்வுக்கூடம் சொல்லட்டும்."

"திறக்கறதா? இத்தனை வருஷத்துல என் தம்பியே ஒரு நாள் திறந்து பார்த்ததில்லை. வேணும்னா கேளுங்க அவனை!"

உண்மைதான். மற்ற கடை டின்களைத் தம்பி முகர்ந்து, விரலில் தொட்டுப் பார்த்துத்தான் வாங்குவார். அண்ணன் கடை டின் மட்டும் மூடியோடு வந்து, குழாய் வழியாக நேரே தொட்டிக்குள் போய்விடும். மூத்தவர் அனுப்பிய சரக்கைச் சோதித்துப் பார்ப்பதாவது!

"திறக்க விடுங்கண்ணே." தம்பி அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். "ஒரே தடவைன்னு வந்தா வரட்டும். ஆலையை மூடிட்டு உங்க கடையிலேயே மேசை துடைக்கிறேன்."

பெரியவரின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ரிசல்ட்டு யாருக்கெல்லாம் தெரியும்மா?"

"சான்றிதழ்லயே அச்சாகும். அதை ஆலை வாசல்ல ஒட்டணும், அதான் விதி."

பெரியவர் தம்பியைப் பார்த்தார். பிறகு எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எடுத்துக்குங்க. ஆனா திறக்கறப்ப எங்க வீட்டு ஆளுங்க யாரும் கிட்ட நிக்கக் கூடாது."

அதிகாரி மட்டும் டின் அடுக்கிய கிடங்குக்குள் போனார். முத்திரை வைத்த கறுப்புக் குப்பியோடு திரும்பி வந்தவர், பெரியவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வண்டியேறினார்.

"போச்சு" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார் தம்பி.

மூன்றாம் வாரம் சான்றிதழ் வந்தது. முதல் தரக் கழிவு எண்ணெய்! தம்பி அதை இரண்டு முறை வாசித்தார். மனைவியிடம் கொடுத்து மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு, விதிப்படி வாசலில் ஒட்டினார்.

அன்றிலிருந்து, பெரியவர் ஓட்டலில் ஒரே எண்ணெயில் ஏழெட்டுத் தடவை பொரிக்கிறார்கள் என்று ஊருக்குள் ஒரு பேச்சு. அது சுத்தப் பொய். இருபத்து மூன்று தடவை என்று சான்றிதழில் தெளிவாக அச்சாகியிருக்கிறது.