ஏ. மெக்கார்வனின் பெட்டி

"கீழ வை அந்தக் கொடிய, எல்ஸ்பெத். அது உன் கைக்கு இல்ல."

ஹெக்டர் சொன்னதும், டுனீடின் நகரில் கடல் கடந்து வந்து குடியேறியவர்களின் சங்கக் கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் பேக்பைப் வாசிப்பவர்கள் காற்று ஊதிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். மெக்கார்வன் குடும்பத்தின் ஆண்டு ஊர்வலம் புறப்பட இன்னும் பத்து நிமிடம்தான்.

"எங்கப்பா முப்பது வருஷம் பிடிச்ச கொடி, சித்தப்பா."

"அண்ணன் பிடிச்சாரு, சரி. அவருக்கு ஒரு மகன் இருந்தா அவன் பிடிப்பான். இல்ல. இனி நான், எனக்கப்புறம் என் பசங்க."

"மூத்தவர் வீட்டுக்குத்தானே கொடி? அந்த வீட்டுல இப்ப நான்தான் இருக்கேன்."

"நம்ம பேர் முன்னால வர்ற மெக்குன்னாலே மகன்னு அர்த்தம்மா. மகளுக்கு நல்ல கேக் பண்ணத் தெரிஞ்சாப் போதும்."

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"எவன்டா சிரிக்கிறது?" என்றாள் ஜெஸ்ஸி அத்தை. "ஏண்டா ஹெக்டர், போன வருஷம் முரசத் தூக்கிட்டு பாலம் வரைக்கும் வர முடியாம புல்லுல படுத்தியே, அப்ப எங்கடா போனான் அந்த மகன்?"

"அக்கா, நீ சும்மா இரு!"

ஹெக்டர் மேடையில் இருந்த பழைய மரப்பெட்டியைத் தட்டினார். மூடியில் வெள்ளைச் சாயத்தில் 'ஏ. மெக்கார்வன்'. மேலே சுவரில், ஹெக்டரின் தாத்தா மனத்தில் தோன்றியபடி வரைந்த குடும்பத்தின் முதல் மூதாதை ஆங்கஸ் மெக்கார்வன், மார்பு வரை செந்தாடியோடு. வருடா வருடம் அந்தத் தாடியைப் பார்த்துத்தான் எல்லோரும் விஸ்கிக் கோப்பையை உயர்த்துவார்கள்.

"இந்தப் பெட்டியும் அஞ்சு பிள்ளைங்களுமா நாலு மாசம் கப்பல்ல வந்து இறங்கினவரு. நமக்கெல்லாம் பேர் குடுத்தவரு. அவரு வழியத்தான் நான் கேக்கறேன்."

"பேரக் கொண்டு வந்தவங்க எப்படியோ, கொடி பிடிக்கிறவங்களும் அப்படி. அதானே?"

"அதேதான்."

"மாத்திப் பேச மாட்டீங்களே?"

"மெக்கார்வன் வாக்கு மாற மாட்டான்."

எல்ஸ்பெத் கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

"நம்ம முன்னோர் கப்பல் ஏறின தீவுலேர்ந்து பாதிரியார் எழுதியிருக்காரு. நீங்களே சத்தமாப் படிங்க."

ஹெக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்சாகமாக ஆரம்பித்தார்.

"'நீங்கள் கேட்ட ஏ. மெக்கார்வன் எங்கள் தேவாலயப் பதிவேட்டில் இருக்கிறார்.' பாத்தீங்களா! 'கப்பல் ஏறுவதற்கு ஆறு மாதம் முன்பு டொனால்டு பெய்ன் என்ற மீனவர் கடலில் மூழ்கி இறந்தார்.' இவன் யாரு நடுவுல? 'எங்கள் தீவில் பெண்கள் கல்யாணமான பிறகும் பிறந்த வீட்டுப் பேரிலேயே இருப்பார்கள். அதனால் கப்பல் எழுத்தர், பெய்னின் ஐந்து பிள்ளைகளுக்கும்...'"

ஹெக்டர் கடிதத்தை மடிக்கப் போனார். ஜெஸ்ஸி அத்தை கடிதத்தைப் பிடுங்கி, கூடம் அதிரப் படித்தாள்.

"'...அவர்களுடைய தாய் ஆன்னபெல் மெக்கார்வனின் பேரையே எழுதிவிட்டார்!'"

வாசலில் பேக்பைப் முழங்கியது. கொடியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிய எல்ஸ்பெத், ஒரு கணம் திரும்பிச் சுவரைப் பார்த்தாள்.

"ஊர்வலம் போய்ட்டு வர்றதுக்குள்ள பாட்டிக்கு அந்தத் தாடிய எடுத்து விட்டுருங்க, சித்தப்பா!"