தனியாகப் பேசலாம்

செங்கல் சூளையில் கல் சுமந்த ஒன்பது கழுதைகளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒன்றுக்குக் குறை என்றால் ஒன்பதும் சேர்ந்து போய் முதலாளிக் கரடியிடம் சொல்லும். அதை மாற்றக் காட்டுச் சபையில் ஒரு சட்டம் வந்தது. "இனி அவரவர் குறையை அவரவரே தனியாகப் பேசலாம். இதுதான் சுதந்திரம்!" என்றது சட்டத்தைக் கொண்டுவந்த நரி. சபையிலிருந்த குரங்கு எதிர்த்துத் தொண்டை கிழியக் கத்தியும் சட்டம் நிறைவேறிவிட்டது.

மறுநாள் காலை செவலைக் கழுதை கரடியின் அறைக்குத் தனியாகப் போனது. அதன் முதுகுப் புண் சீழ் வைத்திருந்தது. ஒரு வாரம் சுமக்காமல் இருந்தால் ஆறிவிடும்.

"வாம்மா செவலை, மனசுல இருக்கிறதைத் தயங்காமச் சொல்லு" என்றது கரடி, கனிவாகத்தான். சொல்லிக்கொண்டே ஜன்னல் பக்கம் பார்த்தது. வெளியே வேலை கேட்டு வந்த கழுதைகள் வரிசையில் நின்றன.

செவலை வாயைத் திறந்தது. பழக்கத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தது. யாருமில்லை.

"ஒண்ணுமில்லைங்க. இன்னைக்கு எந்தப் பக்கம் சுமைன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

வெளியே, அடுத்ததாகக் காத்திருந்த நொண்டிக் கழுதை பதற்றத்துடன் கேட்டது: "என்னக்கா, பேசினீங்களா?"

"பேசினேன்."

செவலை சுமை ஏற்றும் இடத்துக்கு நடந்தது. அதைப் பார்த்த நொண்டிக் கழுதை, உள்ளே போகாமல் அதன் பின்னாலேயே நடந்தது.