கழுவும் பில்டர்

பிள்ளையார்பாளையத்துத் தறித்தூசியில் மனைவி ஜெயம்மாளுக்கு இளைப்பு அதிகமானதால், எழுபதாம் வருஷம் பரசுராமன் படுக்கையறையில் ஏ.சி. வைத்தார். அவள் இறந்து மூன்று வருஷமாகிறது. இப்போது அந்த அறையில் யாரும் படுப்பதில்லை, ஏ.சி. மட்டும் ஓடுகிறது. கழுவிக் கழுவி அதன் பில்டர் கிழிந்துவிட்டது.

மெக்கானிக் அக்பர் இரண்டு பில்டர்கள் கொண்டுவந்தான்.

"பேப்பரே வாங்கிக்கோங்க மொதலாளி. அழுக்கானா தூக்கிப் போட்டுடலாம். வலைன்னா வாராவாரம் கழுவிக்கினு இருக்கணும்."

"வலையே மாட்டுப்பா."

வெள்ளிக்கிழமை காலை அதைக் கழற்றிக் குழாயடிக்கு எடுத்துப்போனார். பழையதில் வந்தது இதிலும் வரவேண்டுமே என்று குழாயைத் திறந்தார். முதலில் தூசிதான் கரைந்தது. பிறகு, ஜெயம்மாள் குளிக்கும் வெள்ளிக்கிழமைகளில் ஓடுவதுபோல, பூசுமஞ்சள் வாசனையோடு தண்ணீர் மஞ்சளாக ஓடியது.

அது தெளிவதற்குள் பரசுராமன் குழாயை மூடினார்.