எட்டுப் பத்து பஸ்

"ஊருக்கு பஸ் உட்டது ஒரு தப்பாங்கண்ணு?"

எம்.எல்.ஏ. மதியழகன் இப்படிக் கேட்டதும் ரஞ்சிதா தறியை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். காலை ஏழே முக்காலுக்குத் தறிக்கொட்டகை வாசலில் வெள்ளை வேட்டி வந்து நிற்கும் என்று அவள் நினைக்கவில்லை. கையில் ஒட்டியிருந்த நூல் தூசியைத் தட்டிக்கொண்டாள்.

"உன்னயத்தான் கேக்கறாரு அம்மிணி," என்றார் கூட வந்த ஒன்றியச் செயலாளர் அருணகிரி.

"அவ பேச மாட்டாளுங்க," என்றாள் ரஞ்சிதாவின் அம்மா அத்தாயி. "எழுதறதோட சரி."

"எழுதறதுதானே இப்ப வில்லங்கமே!"

மதியழகன் போனை அருணகிரியிடம் நீட்டினார். 'எட்டுப் பத்து பஸ்' என்பது ரஞ்சிதா நடத்தும் முகநூல் பக்கம். தினமும் நாலு வரி எழுதுவாள். பதினோராயிரம் பேர் படிக்கிறார்கள். அருணகிரி நேற்றைய பதிவை வாசித்தார்.

"'மேட்டுக்காட்டுக்கு எட்டுப் பத்து பஸ் இன்று எட்டு நாற்பதுக்கு வந்தது. கடைசி சீட்டு கிழிந்து பஞ்சு தெரிகிறது. பெண்களுக்கு இலவசம் என்பதால் கண்டக்டர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இருந்தாலும் பஸ் விட்ட எம்.எல்.ஏ. அவர்களுக்கு நன்றி.'"

"அதுக்குக் கீழ முந்நூறு பேரு," என்றார் மதியழகன். "ஒருத்தன் கூரை ஒழுகுதுங்கறான். ஒரு பொம்பள, கோழிக்கூடைய ஏத்த உடலைங்கறா. நான் குடுத்தது நூத்திப் பன்னெண்டு வாக்குறுதி. முடிஞ்சதுன்னு அருணகிரி டிக் அடிச்சுக் குடுத்த லிஸ்டுல இந்த பஸ்ஸுதான் மொதல்ல நிக்குது. இத வெச்சுத்தான் மறுபடியும் ஓட்டுக் கேக்கோணும். நீ பஞ்சைப் பத்தி எழுதீட்டு இருக்கறே!"

"அண்ணா, அது வந்துங்க..." அருணகிரி அவர் காதருகே குனிந்தார்.

"இருய்யா, பேசீட்டு இருக்கறன்ல." ரஞ்சிதா பக்கம் திரும்பினார். "நீ எது வரைக்கும் படிச்சே?"

"எட்டாவதுங்க."

"ஏன் நின்னுட்டே?"

"ஒம்பதாவதுக்கு வெண்ணந்தூர் போகோணுங்க. நாலு மைலு. தெனமும் நடக்க முடியலீங்க."

"பாத்தியா! அன்னிக்கு பஸ்ஸு இருந்திருந்தா நீயும் படிச்சிருப்பே. கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?"

"தங்கச்சிங்க. யுவஸ்ரீ. வார ஜூனுக்கு ஒம்பதாவது."

"இனி ஒரு வரி இப்பிடி எழுதினீன்னா டிப்போவுல சொல்லி பஸ்ஸையே நிறுத்திப்போடுவேன். அப்புறம் அவளும் உன்ற பக்கத்துத் தறியிலதான் வந்து நிக்கோணும்."

ரஞ்சிதா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"பஸ்ஸ நிறுத்திராதீங்க. அவளாச்சும் படிக்கோணுங்க."

"அப்பிடி வா வழிக்கு. பஸ்ஸு நல்லா ஓடுதுன்னு எழுது."

"நான் எழுதினா, நீங்க மெரட்டி எழுத வெச்சீங்கன்னு சொல்லுவாங்க. நீங்களே பேசீட்டீங்கன்னா யாரும் ஒன்னும் சொல்ல முடியாது. லைவ் போடட்டுங்களா?"

அத்தாயி மகளை வியப்போடு பார்த்தாள். அவள் இவ்வளவு நீளமாகப் பேசி ஆறு மாதம் இருக்கும்.

மதியழகன் துண்டைச் சரி செய்துகொண்டார்.

"அண்ணா, ஒரே நிமிசம்..."

"தள்ளி நில்லுய்யா, உன்ற நெழல் உழுகுது."

ரஞ்சிதா போனைத் தூக்கிப் பிடித்தாள். மதியழகன் கைகூப்பினார்.

"இந்த பஸ்ஸுக்குக் கொடியசைச்சவனே நாந்தான். அன்னிக்கு முன் சீட்டுல உக்காந்து வந்தேன், மெத்துமெத்துன்னு இருந்துச்சு. கண்டக்டரு தங்கமான மனுசன். இன்னிக்கும் அதே பஸ்ஸுல ஏறி வெண்ணந்தூர் போறேன். எல்லாரும் பாத்துக்குங்க!"

ஊர்முனைப் புளியமரத்தடிக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, லைவைப் பார்த்துவிட்டு ஊரே அங்கே கூடியிருந்தது. ரஞ்சிதா போனை இறக்காமல் நின்றாள்.

எட்டுப் பத்து ஆனது. எட்டு நாற்பதும் ஆனது.

"கொஞ்சம் லேட்டுத்தான். அதையும் சரி பண்ணிருவோம்," என்று போனைப் பார்த்துச் சிரித்தார் மதியழகன்.

ஒன்பதரை மணி வெயில் நெற்றியில் இறங்கியது. பார்ப்பவர்கள் இருபதாயிரத்தைத் தாண்டியிருந்தார்கள். ஆலோசனை கேட்கலாம் என்று மதியழகன் திரும்பிப் பார்த்தார். அருணகிரியைக் காணவில்லை. அவர்கள் வந்த காரையும் காணவில்லை.

"ஏங்கண்ணு," என்றார் குரலைத் தாழ்த்தி, "பஸ்ஸு எப்பத்தான் வரும்?"

"அதைத்தானுங்க நாங்களும் அஞ்சு வருசமாக் கேக்கறோம்," என்றாள் ரஞ்சிதா. "போன எலக்சன்ல நீங்க உடறேன்னு சொன்ன பஸ்ஸுங்க இது. இன்னிக்கு வரைக்கும் ஒரு நாளும் வந்ததில்லீங்க. வந்த மாதிரி நாந்தான் எழுதீட்டு இருக்கறேன்."

மதியழகன் போனைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெண்ணந்தூரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.